சங்கிலிப் புத்தகத்துக்கு ஒரு சங்கக்கடை

1

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு தொப்பி இருக்கிறது. கறுப்பு நிறம், முன்பக்கம் தட்டையாக நீண்டிருக்கும். நெற்றியில் தங்க நூலால் 'லிட்கம் நம்பர் வன்' என்று ஆங்கிலத்தில் தைத்திருக்கிறார்கள். சீனி வியாதியும் முழங்கால் வலியும் உள்ள ஐம்பத்தாறு வயதுக்காரனுக்கு ஒரு ஹிப்ஹொப் சஞ்சிகை கொடுத்த பரிசு அது. ஒருநாள் போட்டுப் பார்த்தேன். என் மனைவி வசந்தி குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கழட்டுங்கோ, பொலிஸ் பிடிக்கும்" என்றாள்.

ஊரிலுள்ள நண்பர்கள், சிட்னியில் நீ அப்படி என்னதான் கிழிக்கிறாய் என்று கேட்டு எழுதுகிறார்கள். அட்டை கிழிக்கிறேன். பதினேழு வருடமாகக் கிழிக்கிறேன். அந்தக் கதையைச் சொன்னால்தான் தொப்பியின் கதை விளங்கும்.

2

லிட்கம் ரயில் நிலையத்திலிருந்து இறங்கி வந்தால், மருந்துக்கடைக்கும் கொரியாக்காரர் ஒருவரின் முடிவெட்டும் கடைக்கும் நடுவில் இருப்பது எங்கள் பத்திரிகைக் கடை. பத்திரிகை, சஞ்சிகை, லொத்தர், பிறந்தநாள் அட்டை, பக்கத்திலுள்ள பெரிய சேமக்காலையில் கல்லறை பார்க்கப் போகிறவர்களுக்குப் பூங்கொத்து எல்லாம் இருக்கும். காலையில் பூ வாங்குகிறவரே திரும்பி வரும்போது லொத்தர் வாங்குவார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் இந்தக் கடையில் வேலைக்காரனாகச் சேர்ந்தேன். முதலாளி ஓய்வு பெற்றபோது வங்கிக் கடனில் நானே வாங்கினேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவர் சொல்லித்தந்த தொழில் இரகசியம் ஒன்று உண்டு. விற்காத சஞ்சிகையை முழுதாகத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. அட்டையைக் கிழித்து அனுப்பினால் போதும், விநியோக நிறுவனம் நம் கணக்கிலிருந்து கழித்துவிடும். மிச்சம் குப்பைத்தொட்டிக்கு.

அட்டையைக் கிழித்தேன். குப்பையில் போடத்தான் கை வரவில்லை. தாளில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வளர்ப்பு. ஆகவே எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மீன்பிடி, தோட்டம், மோட்டார் சைக்கிள், கல்யாண உடுப்பு என்று எங்கள் வீட்டு விறாந்தையில் தலையில்லாத சஞ்சிகைகள் குவிந்தன. அவற்றில் அதிகம் சேர்ந்தது ஹிப்ஹொப். அமெரிக்காவிலிருந்து நாலைந்து வரும், உள்ளூரில் அச்சாவது ஒன்று. இளைஞர்கள் கடையில் நின்றபடியே முழுவதையும் வாசித்துவிட்டு வைத்துவிடுவார்கள். பிறகு எப்படி விற்கும்?

அவற்றுக்குச் 'சங்கிலிப் புத்தகம்' என்று பெயர் வைத்தவள் வசந்தி. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் ஒருவர் கழுத்தில் சங்கிலி. அவள் ஒரு வரியும் வாசித்ததில்லை. ஆனால் ஒவ்வொரு படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எடை சொல்வாள். "இது பதினைஞ்சு பவுண் வரும். இவர் போட்டிருக்கிறது முலாம், கொக்கியைப் பாருங்கோ."

எங்கள் ஒரே மகள் கௌசி பெரியபிள்ளையானபோது, சாமத்திய வீட்டுக்கு என்ன சங்கிலி செய்வது என்று பெண்கள் கூடிப் பேசினார்கள். வசந்தி ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு நேரே நகைக்கடைக்குப் போனாள். அட்லாண்டா நகரத்துப் பாடகர் ஒருவருடைய கயிற்றுச் சங்கிலியை அப்படியே, ஒரு முறுக்கும் பிசகாமல், பத்தரைக்கொண்டு செய்வித்தாள். பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கழுத்தில் அந்தச் சங்கிலியோடு கௌசி மணவறை போல அலங்கரித்த கதிரையில் இருந்த படம் இன்னும் சுவரில் தொங்குகிறது. படத்தைப் பார்த்த ரொறன்ரோ உறவினர்கள் புது மொடல் என்று நினைத்துக் கேட்டு வாங்கிச் செய்தார்கள்.

3

கௌசி வாசிக்கப் பழகியது இந்தப் புத்தகங்களில்தான். பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து, பத்திரிகைக் கட்டின் மேல் ஏறியிருந்து, எனக்கு உரத்து வாசிப்பாள். பாட்டுக்காரர்களின் பேட்டிகள், சண்டைகள், சமாதானங்கள். நான் கல்லாவில் நின்றபடி, "அதென்ன பிள்ளை?" என்று கேட்பேன். அவள் தனக்குத் தெரிந்த தமிழில் விளக்குவாள். விளக்கத் தெரியாத இடங்களில், "அது கூடாத சொல்லு அப்பா, விடுங்கோ" என்று அடுத்த வரிக்குத் தாவுவாள். அப்படித் தாவிய சொற்களை நான் பிறகு அகராதியில் தேடினேன். அகராதியும் தாவியிருந்தது.

ஆக என் ஆங்கிலம் அந்தப் பள்ளியில் படித்த ஆங்கிலம். குடியுரிமை நேர்காணலில் அதிகாரி என்னிடம், இந்த நாட்டில் நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று கேட்டார். லிட்கம்மைப் பிரதிநிதித்துவம் செய்ய விரும்புகிறேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன். பாட்டுக்காரர் எல்லோரும் தங்கள் ஊரைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள். அவர் பேனாவை வைத்துவிட்டு, எந்தக் கட்சி என்று கேட்டார். எனக்குத் துணையாக வந்திருந்த கௌசி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

2009இல், போரின் கடைசியில், ஊரிலிருந்து ஒருவருடைய குரலும் தொலைபேசியில் கிடைக்காத அந்த மாதங்களில், காலையில் பத்திரிகைக் கட்டை அவிழ்க்க எனக்குப் பயமாக இருக்கும். அவிழ்த்து, தலைப்பைப் பார்க்காமல் அடுக்குவேன். அப்போது நான் பார்க்கக்கூடியதாக இருந்தது சங்கிலிப் புத்தகம் ஒன்றுதான். கௌசி உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் வந்து பக்கத்தில் இருந்து வாசித்தாள். அதிலும் ஒரு போர் நடந்தது, இரண்டு பாடகர்களுக்கிடையில். இருவரும் அடுத்த இதழிலும் உயிரோடு இருந்தார்கள். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

4

கௌசிக்கு மருந்தாளர் படிப்புக்குப் போதுமான புள்ளிகள் வந்தன. வசந்தி இனிப்பு வாங்கி எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகுதான் மகள் சொன்னாள், மெல்பேர்ணுக்குப் போய் இதழியல் படிக்கப்போகிறேன் என்று.

நான் சஞ்சிகை விற்கிறவன். எனக்குத் தெரியாததா? அமெரிக்கச் சங்கிலிப் புத்தகங்கள் மெலிந்து மெலிந்து, ஒவ்வொன்றாக வராமல் நின்றுகொண்டிருந்தன. கடையில் நின்று ஓசியில் வாசித்த இளைஞர்கள்கூட இப்போது கடை வாசலில் நின்று தொலைபேசியைப் பார்த்தார்கள். ஓசிக்கும் ஆள் வராத தொழிலில் என் பிள்ளையா?

"ரெண்டு வருஷத்தில ஒரு புத்தகமும் இராது. இருந்து பார்" என்றேன்.

"வாசிக்கப் பழக்கினது நீங்கள். இப்ப எழுதப் போறன் எண்டா கோவிக்கிறீங்கள்."

"செத்த வீட்டில போய் ஆரும் வேலை கேப்பினமோ?"

"யு ஜஸ்ட் வெயிட், அப்பா" என்றாள். அதற்குப் பிறகு வீட்டைவிட்டுப் போகும்வரை ஆங்கிலம்தான். 2010 தொடக்கத்தில் வசந்தியின் தங்கை வீட்டில், கிரெய்கிபர்னில், போய்த் தங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாயோடு கதைப்பாள். தொலைபேசி என் கைக்கு வந்தால், "சாப்பிட்டியா?" என்பேன். "ஓம்" என்பாள். அவ்வளவுதான்.

நான் மாதம் ஒருமுறை உள்ளூர்ச் சங்கிலிப் புத்தகத்தில் ஒன்றை உறையில் போட்டு அவளுக்கு அனுப்பினேன். அட்டையோடு, முழுதாக. கடிதம் எதுவும் வைக்கவில்லை. கோபமாக இருப்பவன் கடிதம் எழுத முடியாது. கிடைத்தது என்று அவளும் சொல்லவில்லை.

ஒரு வருடத்தில் மிஞ்சியது அந்த உள்ளூர்ப் புத்தகம் மட்டும்தான். அதுவும் பேட்டிகள் குறைந்து, சப்பாத்து விளம்பரங்கள் கூடி, கையில் எடுத்தால் பாரமே தெரியாமல் வந்தது. நான் சொன்னது பலிக்கப்போகிறது என்று விளங்கியது. இது நின்றால் நான் சரி, என் பிள்ளை பிழை. அப்படியொரு சரி எனக்குத் தேவையில்லை.

5

இந்த இடத்தில் நான் செய்த காரியத்தை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குச் சங்கக்கடையைத் தெரியும். பங்கீட்டு அட்டைக்கு என்ன வருகிறதோ அதை எடுக்கவேண்டும். ஒரு மாதம் வீட்டில் சவர்க்காரம் மிச்சம் இருக்கிறதென்று நாங்கள் எடுக்காமல் விட்டோம். அடுத்த மாதம் முகாமையாளர், "உங்களுக்குத் தேவையில்லையெண்டு வெட்டிப்போட்டன்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எதையும் விட்டதில்லை. ஒருமுறை சப்பாத்துப் பொலிஷ் வந்தது. வீட்டில் ஒருவரிடமும் சப்பாத்து இல்லை. வரிசையில் நின்று எடுத்தோம். இந்தக் கதையைக் கௌசிக்கு நான் நூறு தரம் சொல்லியிருப்பேன், தட்டில் சோறு மிச்சம் விட்ட போதெல்லாம்.

கடைக்கு அப்போது மாதம் நாலு சங்கிலிப் புத்தகம் வந்தது. நாலையும் நானே காசு கொடுத்து வாங்கி, விற்றதாகப் பதிந்தேன். ஒன்று கௌசிக்கு, மூன்று கராஜுக்கு. விற்றால் வெட்டமாட்டார்கள் அல்லவா?

வெட்டவில்லை. அடுத்த மாதம் ஆறு வந்தது. ஆறையும் எடுத்தேன். ஒன்பது வந்தது. விநியோக நிறுவனத்தில் எந்தக் கடைக்கு எத்தனை என்று முடிவு செய்வது ஒரு கணினி. லிட்கம்மில் ஏதோ எழுச்சி நடக்கிறது என்று அது நினைத்துவிட்டது. பதின்மூன்று வந்தபோது தொலைபேசி எடுத்து, குறைத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். எல்லாம் விற்றுப்போகிற கடைக்கு எப்படிக் குறைப்பது என்று அந்தப் பெண் கேட்டாள். அவள் கேட்டது நியாயம். இதே நிறுவனத்திடம், விற்காத மீன்பிடிச் சஞ்சிகையைக் குறைக்கச் சொல்லி நான் ஏழு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவும் முடியாதாம்.

இருபது வந்தது. முப்பது வந்தது. ஒருநாள் வசந்தி மரக்கறி நாற்றுக்குச் சட்டி தேடிக் கராஜுக்குள் போனாள். வெளியே வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"இஞ்சாருங்கோ, உள்ளுக்க ஒரே மனிசன் முப்பது பேர் நிக்கினம்."

"அது புத்தகம்."

"தெரியுது. ஒரே ஆளை ஏன் முப்பது தரம் வாங்கினனீங்கள்?"

உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. பின்னுக்கு விலை ஏறும் என்றேன். அவள் என்னை நம்பவில்லை, ஆனால் சங்கிலியைப் பார்த்தாள். "இதுவும் முலாம்" என்று சொல்லிவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த கிழமை எங்கள் தமிழ் டொக்டரிடம் கூட்டிப்போனாள். ஆண்களுக்கு இந்த வயதில் ஏதாவது சேர்க்கும் பழக்கம் வரும், தபால் முத்திரையைவிட இது சுகாதாரம் என்றார் அவர்.

6

சென்ற வருடக் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, மெல்லிய தாடி வைத்த வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் கடைக்குள் வந்தான். பெயர் ஜெரட். சங்கிலிப் புத்தகத்தின் ஆசிரியன். கையில் கமராவும் அந்தத் தொப்பியும். மாநிலத்திலேயே தன் சஞ்சிகை அதிகம் விற்கும் கடை இதுதான் என்றும், அதை வாங்கும் லிட்கம் இளைஞர்களைப் படம் பிடிக்க வந்திருப்பதாகவும் சொன்னான். தொப்பியை என் தலையில் வைத்தான். அவர்கள் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று கேட்டான்.

"வருவார்கள்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவன் பத்து மணிக்கு ஒரு மூலையில் நின்றான். பூ வாங்க ஒரு அம்மா வந்தார். லொத்தர் சுரண்ட நாலு கிழவர்கள் வந்தார்கள். பதினொரு மணிக்கு அவன் பத்திரிகைக் கட்டின் மேல், கௌசி இருக்கும் இடத்தில், உட்கார்ந்தான். ஒரு மணிக்கு வசந்தி வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்து, அவனுக்கும் கொடுத்தாள். மூன்று மணிக்குப் பள்ளிக்கூட மாணவர்கள் ஐந்து பேர் வந்தார்கள். ஜெரட் கமராவோடு எழும்பினான். அவர்கள் தொலைபேசி அட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தொப்பியைக் கழற்றிக் கல்லாவில் வைத்துவிட்டு, அந்த இளைஞர்கள் நான்தான் என்று சொன்னேன்.

அவன் கோபிக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, இங்கேயுமா என்றான்.

பிறகு விளக்கினான். நாடு முழுவதும் வந்ததெல்லாம் விற்றுப்போகிற கடை இரண்டே இரண்டுதானாம். ஒன்று லிட்கம், மற்றது மெல்பேர்ணில் கிரெய்கிபர்ன். இந்த இரண்டையும் காட்டித்தான், புறநகர்களில் புது வாசகர்கள் வளர்கிறார்கள் என்று பதிப்பாளரை நம்பவைத்து, கடைசி ஒன்றரை வருடத்தை ஓட்டினானாம். போன கிழமை கிரெய்கிபர்னுக்குப் போயிருக்கிறான். அங்கே எல்லாவற்றையும் வாங்கியது ஒரேயொரு பெண். கேட்டவுடனேயே ஒப்புக்கொண்டுவிட்டாள். அவள் கழுத்தில் மொத்தமான கயிற்றுச் சங்கிலி ஒன்று கிடந்தது. அட்லாண்டாப் பாடகர் ஒருவருடையது போல இருக்கிறதே என்று இவன் கேட்க, அவருடையதேதான், அம்மா படத்தைப் பார்த்துச் செய்வித்தது என்றாளாம்.

நான் பக்கத்தில் நின்ற வசந்தியைத் திரும்பிப் பார்த்தேன்.

வசந்திக்கும் விளங்கிவிட்டது. "இருபத்தொரு பவுண் சங்கிலியைப் போட்டுக்கொண்டோ கடைக்குப் போறவள்?" என்றாள்.

அடுத்த இதழோடு நிறுத்துகிறோம் என்றான் ஜெரட். அந்தப் பெண் தான் எழுதிய ஒன்றைத் தந்தாள், இன்னும் வாசிக்கவில்லை என்றான். தொப்பியை அவன் கையில் திருப்பிக் கொடுத்தேன். இது வேண்டாம், அதை வாசி என்றேன். நல்லாயில்லாவிட்டால் போடாதே, ஆனால் வாசிக்காமல் விடாதே. அவன் தொப்பியை மறுபடியும் என் தலையில் வைத்துவிட்டு, இரண்டு வடையைத் தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு போனான்.

7

கௌசிக்குத் தொலைபேசி எடுக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

"சாப்பிட்டியா?"

"ஓம்."

"உன்னட்ட எத்தினை கிடக்கு?"

"எது?"

"சங்கிலிப் புத்தகம்."

"ஹண்ட்ரட் அண்ட் சம்திங்" என்றாள். "கராஜுக்க இடமில்லாமல் சித்தப்பாவின்ர கார் ரோட்டில நிக்குது. உங்களிட்ட?"

"நானூறுக்குக் கிட்ட. ஏன் பிள்ளை, நான்தானே ஒண்டு அனுப்பினனான்?"

"கடைக்கு ரெண்டு வந்தது அப்பா. எடுக்காட்டி வெட்டிப்போடுவாங்கள் எண்டு எடுத்தனான். பிறகு நாலு வந்தது."

"சங்கக்கடை."

"ஓம். அதோட, இது நிண்டா நீங்கள் வெண்டிடுவீங்கள்."

"நான் தோக்கிறதுக்கெல்லோ வாங்கினனான்" என்றேன்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அதே நிலைமையில் இருந்தேன்.

8

கடைசி இதழ் இந்த வருடம் வந்தது. அதில் ஒரு பக்கம் கௌசியுடையது. வசந்திக்கு ஆங்கிலம் அவ்வளவாக வாசிக்க வராது, ஆனால் பெயரைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தொலைபேசியைக் கையில் எடுத்தாள். மறுநாள் ஒன்பது மணிக்குக் கடை வாசலில் வரிசை நின்றது. கோயில் தலைவர், தமிழ்ப் பள்ளி ஆசிரியைகள், சாமத்திய வீட்டுக்கு வந்த அன்ரிமார், அங்கிள்மார், தங்கள் பிள்ளைகள் பாட்டுக் கேட்டால் கதவைச் சாத்துகிற ஆட்கள். "தம்பி, எங்கட கௌசி எழுதின புத்தகம் ரெண்டு தாரும்" என்றார் எண்பது வயது அங்கிள் ஒருவர். முன்னட்டையில் மேற்சட்டையில்லாமல் நின்றவரைப் பார்த்துவிட்டு, "இவர் ஆர், மாப்பிள்ளையோ?" என்று கேட்டார்.

பதினொரு மணிக்கு ஒன்றுகூட மிச்சமில்லை. அந்தப் புத்தகம் எங்கள் கடையில் உண்மையாகவே விற்றுத் தீர்ந்த ஒரே நாள் அதுதான். எனக்கே ஒன்று எடுத்து வைக்க மறந்துவிட்டேன். அடுத்த கிழமை கணினியிடமிருந்து கடிதம் வந்தது. மிகச் சிறந்த விற்பனை காரணமாக, அடுத்த இதழ் முதல் உங்களுக்கு நூற்றிருபது பிரதிகள் ஒதுக்கப்பட்டுள்ளன என்று இருந்தது. அடுத்த இதழ் இல்லை என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை.

கராஜ் அப்படியே இருக்கிறது. கௌசி வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். கிடைக்கும் என்று நான் சொல்வதில்லை. கிடைக்காது என்றும் சொல்வதில்லை.

நேற்றுத் தபாலில் ஒரு உறை வந்தது. கிரெய்கிபர்ன் முத்திரை, உள்ளே கடிதம் இல்லை. கடைசி இதழ் மட்டும். அட்டை கிழித்திருந்தது, விளிம்பில் பிசிறில்லாமல், தொழில் தெரிந்த கையால். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு தொலைபேசி எடுத்தேன்.

"வந்திட்டுது."

"வாசிச்சீங்களா அப்பா?"

"இல்லை. கண்ணாடி எங்கையோ வைச்சிட்டன். நீ வாசி, நான் கேக்கிறன்."

கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. பக்கத்தை விரித்துக் கல்லாவில் வைத்துக்கொண்டேன். அவள் தொடங்கினாள். லிட்கம்மில் ஒரு கடை, அட்டையில்லாத புத்தகங்கள், பத்திரிகைக் கட்டின் மேல் ஒரு பிள்ளை. அதில் இருந்த ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல்தான். என்றாலும் இரண்டு வரிக்கு ஒருதரம் அவளை மறித்து, "அதென்ன பிள்ளை?" என்று கேட்டேன். அவள் தமிழில் விளக்கினாள்.